மட்டியின் காலில் ஒரு கல்

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது. போடியில் ஏலக்காய் போடாமல் டீ கிடைக்கும் இடம் இது ஒன்றுதான். எனக்கு அந்த வாசனை ஒத்துக்கொள்ளாது.

நானாகத்தான் வந்தேன். கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர் நான். எங்கள் லேப் உதவியாளர் சுருளிவேல் போடிமெட்டுச் சரிவில் தவறி விழுந்து செத்ததாகவும், வலது காதைக் கரடி தின்றுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கரடிக்கு அவ்வளவு சுத்தமாக அறுக்க வராது. படித்ததும் மனசுக்கு வருத்தமாகிவிட்டது.

எழுபத்து மூன்றிலிருந்து பதினோரு வருடம் ராசிங்காபுரம் கண்மாய்ச் சேற்றில் கிடக்கும் மட்டிச் சிப்பியை ஆராய்ந்தேன். மட்டிக்குக் காது கிடையாது. அதன் சதைக்காலுக்குள் கடுகைவிடச் சிறிய பை ஒன்று உண்டு. பைக்குள் நுண்ணிய மயிர்கள், நடுவே ஒரு கல் என்று புத்தகங்கள் சொல்கின்றன. மட்டி சாய்ந்தால் கல் உருளும். எந்தப் பக்கத்து மயிரில் படுகிறதோ அந்தப் பக்கம் கீழே என்று மட்டி தெரிந்துகொள்ளும். நான் நாலாயிரம் சீவல் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றிலும் கல் இல்லை. எங்கள் கண்மாய் மட்டிக்குக் கல்லே கிடையாது என்று முந்நூறு பக்கம் எழுதினேன். டாக்டர் பட்டம் கைக்கு எட்டிவிட்டது. ஸ்லைடுகளை நேரில் பார்க்கத் தேர்வாளர் வருவதாக இருந்தது.

அதற்கு முதல் நாள் சுருளிவேல் ஒரு ஸ்லைடோடு வந்தான்.

“சார், நீங்க மட்டிய ஊறப்போடுற மருந்து ஒரே புளிப்பு. எலுமிச்சஞ்சாறுல முட்டை ஓடு கரையிற மாதிரி அதுல கல்லு கரைஞ்சு போகுது. நான் ஸ்பிரிட்டுல ஊறப்போட்டேன். பாருங்க, கல்லு கெடக்கு.”

பார்த்தேன். உருண்டையாக, பளபளவென்று கிடந்தது.

“நாளைக்கு வர்ற ஐயாகிட்ட இதக் காட்டுவோம் சார். உங்களத்தான் மெச்சுவாரு.”

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. எனக்கும் அவன் மேல் கோபம் இல்லை. பயம்தான்.

மறுநாள் தேர்வாளர் மூணாறு வழியாக வருவதால் எதிர்கொண்டு அழைக்க இருவரும் ஏலத்தோட்டத்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டு போனோம். ஜீப்பு எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஒரே மூடுபனி. வளைவில் சாலையோரம் நின்றோம்.

“இங்கிட்டு வந்துருங்க சார், அங்க வழுக்கும்” என்றான். வந்தேன். வந்து, அவன் முதுகில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினேன். சட்டைப்பையில் இருந்த ஸ்லைடும் அவனோடு போனது.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. மனிதக் காதுக்குள்ளும் இதே கல் உண்டு, பொடிப் பொடியாக. அது இருப்பதால்தான் நாம் நேராக நிற்கிறோம். சுருளிவேலுக்கு இருந்ததா என்று பார்க்காமல் விடுவது ஆராய்ச்சியாளனுக்கு அழகல்ல. ஒற்றையடிப் பாதையில் இறங்கி, காதை உள் எலும்போடு சேர்த்து எடுத்துவந்தேன். எலும்பு இளகினால்தான் சீவ வரும் என்பதால் ஐந்து வாரம் ஊறவைத்தேன். என் மருந்தில்தான், எனக்குப் பழகியது அது.

இதோ ஸ்லைடு, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பொடிக் கல்கூட இல்லை. தள்ளியது நான்தான், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் காதில் கல்லே இல்லாத ஆள் ஐயா அவன், நான் தள்ளாவிட்டாலும் விழுந்துதான் இருப்பான்.