பூட்டான் சட்டையும் வாவிக் கம்பும்

அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் அழகரத்தினம் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையரே, ஏறாவூரிலிருந்தும் தன்னாமுனையிலிருந்தும் திரண்டு வந்த உதைபந்தாட்ட உறவுகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

இந்த மண்டபத்தின் சுவரைப் பாருங்கள். தெற்காசியாவின் தேசிய அணிகள் அத்தனையும் இங்கே தொங்குகின்றன. கடையில் வாங்கிய சட்டைகளா? இல்லை. களத்தில் வீரர் உடுத்தியவை, வியர்வையில் ஊறியவை, விழுந்து எழுந்தவை. சேர்த்தவர் யார்? நமது ஏறாவூர் நிஸ்மியா. "பொம்புளைக்கி என்னத்துக்கு ஆம்புளைட ஊத்தச் சட்ட?" என்று கேட்ட வாய்கள் இன்று எங்கே? இங்கேதான் இருக்கின்றன. மூன்றாம் வரிசையில் ஒருவர் தலையைக் குனிகிறார், பெயர் சொல்ல மாட்டேன்.

கடைசிவரை கைக்கு வராமல் கண்ணாமூச்சி காட்டியது பூட்டான். கட்டாரில் விளையாட்டரங்கில் வேலை செய்யும் நிஸ்மியாவின் தம்பி றிப்ஷான், ஒரு பூட்டான் வீரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி அனுப்பினார். செம்மஞ்சள் நிறம், தோளில் கிழிசல், முதுகில் பாதி உரிந்த இலக்கம். நிஸ்மியாவுக்கு அது பொக்கிஷம். கணவர் சாலிஹுக்கு அது கந்தல். மனைவி இல்லாத நேரம் பார்த்து வீட்டைத் துப்புரவாக்கியவர், பழந்துணியோடு பழந்துணியாக அதையும் தன்னாமுனை மீனவர் அருமைநாயகத்திடம் கொடுத்துவிட்டார். சிரிக்காதீர்கள், சாலிஹும் இங்கேதான் இருக்கிறார். அன்று முதல் தேநீரைத் தானே போட்டுக் குடிக்கிறார்.

இந்தக் கண்காட்சிக்கு நாள் குறித்தாயிற்று. அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. நிஸ்மியா வாவிக்கரைக்கு ஓடினார். அங்கே கண்டது என்ன? நடுவாவியில், வலை கட்டிய கம்பின் உச்சியில், பூட்டான் பறக்கிறது.

காணிக்கு உறுதிப்பத்திரம் இருப்பது போல, நம் மீனவருக்குக் கம்பில் கட்டிய துணி. அதன் நிறத்தைப் பார்த்தே, இது இன்னாருடைய இடம் என்று மற்றத் தோணிகள் விலகிப் போகும். அதனால்தான் அந்தச் சட்டையை எவரும் தொடவில்லை. அதனால்தான் அருமைநாயகமும் அவிழ்க்க மறுத்தார்.

"தங்கச்சி, இதக் கழட்டினா நாளைக்கு வேற ஆள் வலை போட்டுருவான். இந்த நிறத்தக் கண்டாத்தான் என்ட இடமெண்டு எல்லாருக்கும் தெரியும்."

"இதே நிறத்தில இன்னொண்டு தந்தா, அண்ணன்?"

"தந்தா இப்பவே கழட்டித் தாறன்."

செம்மஞ்சளில் இன்னொன்று யாரிடம் இருந்தது? நிஸ்மியாவிடமே இருந்தது. நெதர்லாந்து அணியின் சட்டை. அவருடைய வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்த, அவர் வாழ்வின் முதல் அணிச்சட்டை. இந்தப் பித்தே அதில்தான் பிறந்தது. அழுதார். அழுதபடியே கொண்டுவந்து கொடுத்தார்.

நெதர்லாந்து என்றால் யார்? நம் பழைய ஒல்லாந்தர். அன்று அவர்கள் வாவிக்கரைக் கோட்டையைப் பிடித்து நம்மைக் காவலுக்கு நிறுத்தினார்கள். இன்று அவர்களுடைய சட்டை வெயிலிலும் மழையிலும் நம் அருமைநாயகத்தின் வலைக்குக் காவல் நிற்கிறது. இது வெற்றி இல்லையென்றால் வேறு எது வெற்றி? பலமாகத் தட்டுங்கள், வாவிக்கும் கேட்கட்டும்.

சுவரின் ஓரத்தில் ஒரு கொளுக்கி மட்டும் வெறுமையாக இருக்கிறதே, மாட்ட மறந்துவிட்டார்களா என்று கேட்கிறீர்கள். மறக்கவில்லை. அதன் கீழே நிஸ்மியா தன் கையால் எழுதி ஒட்டியிருப்பதை வாசிக்கிறேன்: "நெதர்லாந்து. தற்போது கடமையில் உள்ளது. பார்க்க விரும்புவோர் வாவிக்குச் செல்லவும்."

செவி தந்த சபைக்கு நன்றி சொல்லி, இரு ஊருக்கும் வணக்கம் கூறி விடைபெறுகிறேன்.