கூறைச்சேலைக்குப் பின்னால் நிற்பவள்

வரதராஜா: திரையை நீக்கும் தம்பி... கற்பூரம் எரிஞ்சு முடியப்போகுது.

சிவபாலன்: அது திரையில்லை அங்கிள்... சும்மா ஒரு சீலை.

வரதராஜா: சும்மா சீலையோ? உம்மடை மனுசியின்ர கூறையெல்லோ! பின்னுக்கு ஆர், முருகனோ அம்மனோ?

நாகேஸ்வரி: அங்கிள், கை சுடப்போகுது. தட்டைக் கீழை வையுங்கோ...

வரதராஜா: சுடட்டும் பிள்ளை. சிட்னியிலை கோயில் இல்லையெண்டுதானே வெள்ளிக்கிழமையிலை வீடு வீடாய்ப் பசனை வைக்கிறம். மெரிலேண்ட்ஸிலை உங்கடை வீட்டிலைதான் முதல்முறை. சனம் வாசல்லை சப்பாத்துக் கழட்டுது, நீங்கள்...

சிவபாலன்: அங்கிள்... அது சாமிப் படமில்லை. பிரெஞ்சுப் படம்.

வரதராஜா: ஓ, மாதாவோ? பரவாயில்லை, கும்பிடுவம்.

சிவபாலன்: மாதாவுமில்லை. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளிலை பாரிஸ்காரர் மரத்திலை வெட்டி அச்சடிச்சவையெல்லோ... அந்த மாதிரி. ஒரு பொம்பிளை குளிக்கிறா.

வரதராஜா: குளிச்சுப்போட்டு... உடுத்திட்டாவோ?

நாகேஸ்வரி: இன்னும் இல்லை, அங்கிள்.

வரதராஜா: முருகா! கலர் ரீவி வந்த நாளிலையிருந்து ஒருத்தருக்கும் வெக்கமில்லை!

சிவபாலன்: அது கலை, அங்கிள்...

வரதராஜா: விலத்தும். கலையோ இல்லையோ, நான் பாத்துச் சொல்லுறன்.

நாகேஸ்வரி: ஐயோ, பாக்க வேண்டாம்! நாளைக்கு ஊரெல்லாம் எங்களைப் பற்றித்தான் கதைக்கும்...

வரதராஜா: இந்தச் சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடியும்...

சிவபாலன்: அங்கிள்?

வரதராஜா: பொறும், இன்னும் பாத்து முடியேல்லை... கோடெல்லாம் நல்ல சுத்தம்... எங்கேயோ கண்ட முகம்...

சிவபாலன்: எப்பவோ செத்த பிரெஞ்சுக்காரி. நீங்கள் எங்கை காணுறது?

வரதராஜா: கன்னத்திலை ஒரு மறு... நாகேஸ்வரி, பிள்ளை, இஞ்சாலை திரும்பும்.

நாகேஸ்வரி: எனக்கு... இடப்பக்கம் அங்கிள். அவளுக்கு வலப்பக்கம்.

வரதராஜா: ஓம்... ஓமோம்! அப்ப வேறை ஆள்தான். அப்பாடா, நான் ஒரு நிமிசம் என்னவோ நினைச்சிட்டன். மூடி விடுங்கோ. உள்ளை அம்மன், இண்டைக்குத் திரை திறக்கிற நாளில்லையெண்டு சனத்துக்குச் சொல்லுறன்.

சிவபாலன்: ...போயிட்டாரோ?

நாகேஸ்வரி: போயிட்டார். நீங்கள் மரத்திலை இடப்பக்கம் வெட்டின என்ர மறு தாளிலை வலப்பக்கம் விழுமெண்டு அந்த மனுசனுக்குத் தெரியாதது என்ர நல்ல காலம். இனி உங்கடை அச்சு வகுப்புக்கு நீங்களே கண்ணாடிக்கு முன்னாலை நில்லுங்கோ... உந்தக் குளிருக்குள்ளை நான் வாளியும் கையுமாய் நிக்கமாட்டன்!