முயற்சிக்கு இருபது

நாலு மணி நேரமாம் சார், நாலு மணி நேரம்! வாயை இன்னும் கொஞ்சம் திறங்க... ஆங், அப்படியே. பக்கத்து வீட்டுப் பையன் தெனமும் வீட்ல நாலு மணி நேரம் படிக்கிறானாம். அவங்கப்பா ஃபாரத்துல எழுதிக் கையெழுத்தே போட்டிருக்காரு. அந்த நாலு மணி நேரமும் அவன் எங்க ஜன்னல்ல பந்தடிச்சிட்டிருந்தான். என்னைக் கேட்டிருந்தா நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்!

தலையாட்டாதீங்க, மெஷின் ஓடுது.

பள்ளிக்கூடத்துல இந்த வருஷம் புது ஏற்பாடு சார். பரீட்சைக்கு எண்பது, முயற்சிக்கு இருபது. முயற்சியை யாரு அளக்குறது? பெத்தவங்களாம்! ஃபாரம் குடுத்து எழுதச் சொன்னா எவன் சார் உள்ளதை எழுதுவான்? நீங்களே வெளியில உக்காந்து எழுதினீங்களே, ரெண்டு வேளையும் பல் தேய்ப்பேன்னு. கோவிச்சுக்காதீங்க, கடைவாய்ப்பல்லு வேற கதை சொல்லுது. ஃபாரத்தை நம்பியா நான் வைத்தியம் பாக்குறேன்? அந்த டீச்சரம்மாவும் புள்ளையப் பக்கத்துல உக்கார வெச்சு, போன மாசம் வராத கணக்கு இந்த மாசம் வருதான்னு பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது!

என் பொண்ணு எண்பதுக்கு எழுபத்தெட்டு. அந்தப் பந்தடி மன்னன் அறுபத்தேழு. முயற்சியச் சேத்தா அவன் எண்பத்தேழு, இவ அதே எழுபத்தெட்டு! எண்பத்தஞ்சு இருந்தாத்தான் கணக்கு ஸ்பெஷல் வகுப்பு. ஆறாவதுலேர்ந்து அதுக்குன்னே தவம் கெடந்தா சார் அவ.

என்ன முழிக்கிறீங்க? ஆமா, முயற்சிக்கு முட்டை. யாராலயா...

சரி, என்னாலதான். 'என் மகள் வீட்டில் புத்தகத்தையே தொடுவதில்லை, எல்லாம் பிறவி மூளை'ன்னு எழுதிக் குடுத்தேன். பிறவி மூளைன்னா எங்க வம்சத்து மூளைதானே! அப்பா வழியில வந்திருக்க வாய்ப்பே இல்லைன்னு கூடவே ஒரு வரி வேற. திமிரு, வேறென்ன?

நெசமாவே தொடுறதில்லைன்னுதான் சார் நெனச்சேன். நேத்து மார்க்கைப் பாத்துட்டு வந்து கேக்குறா: "அம்மா, காலையில அஞ்சு மணிக்கு சமையல்கட்டுல லைட்டை யாரு போடுறான்னு நெனச்ச?" நான் எந்திரிக்கிறது ஏழரைக்கு. அவ பஸ்ஸுக்கு ஓடியிருப்பா, லைட்டு மட்டும் எரிஞ்சிட்டிருக்கும். அணைக்காமப் போறாருன்னு ஒரு வருஷமா அவங்கப்பாவைத் திட்டிட்டிருக்கேன்!

இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள புது ஃபாரம் குடுத்தா மாத்திப் போடுறாங்களாம். அந்தா, மேஜையில கெடக்கு பாருங்க. 'தினமும் எத்தனை மணி நேரம்?' எனக்கு எப்படித் தெரியும்? நாலுன்னு அடிச்சு விடலாம்... கை வரல சார். அவகிட்டயே கேக்கலாம்னா, நேத்துலேர்ந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

வலிக்குதா? இல்ல... எனக்குத்தான் கண்ணு மறைக்குது, ஒரு நிமிஷம் இருங்க.