அன்னபூரணி மூடிய ஓட்டை

ஐயா, பேச வந்ததை அப்படியே நிறுத்திட்டு ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்... சொல்லலேன்னா எனக்கு இருப்புக் கொள்ளாது. ஏன் இந்த மண்டபம் இப்படிப் புழுங்குது? விசிறுங்கம்மா, விசிறிக்கிட்டே கேளுங்க.

கோவில்பட்டியில செண்பகவல்லின்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் சங்கரநாராயணன், இளைப்புக்காரர். அவங்க அடுப்படிச் சுவர்ல, மேல, புகை போறதுக்கு ஒரு வட்ட ஓட்டை. கரி அப்பி, எண்ணெய் வழிஞ்சு... ஹால் சோபாவுல உட்கார்ந்தா நேரா அதுதான் தெரியும்! மகளைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. அந்தம்மாவுக்குத் தூக்கம் வருமா? வராது!

பிளைவுட் பலகை வாங்கினாங்க. அரக்குச் சிவப்புல வெல்வெட் துணி ஒட்டினாங்க. சுத்தி ஜமிக்கி, முத்து, கண்ணாடிச் சில்லு. நடுவுல...? அன்னபூரணி படம்! அடுப்படிக்குப் பொருத்தமான சாமிதானே? ஓட்டை மேல வச்சு ஆணி அடிச்சாச்சு. வந்தவங்க அசந்துட்டாங்க. "ஏ யப்பா, என்னா கைவேலை!" சம்பந்தமும் பேசி முடிஞ்சது.

ஆனா மனுஷனுக்கு இளைப்பு நாளுக்கு நாள் ஏறுது. டாக்டரை மாத்தினாங்க. தலையணையை மாத்தினாங்க. கடைசியில, "வந்தவங்க கண்ணு பட்டிருச்சு"ன்னு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வத்தல் மிளகாயைச் சுத்திப் போட்டாங்க. எங்க போட்டாங்க...? அதே அடுப்புல!

கண்ணு பட்டிருந்தா நெடி வராதும்பாங்க. வந்தது பாருங்க நெடி! வீடு பூரா இருமல். அவர் சுவரைப் பிடிச்சுக்கிட்டு மூச்சுக்குத் தவிக்கிறார். மக ஸ்டூல் போட்டு ஏறி, பலகையில கை வச்சிட்டா.

"அடியே! வெள்ளிக்கிழமைடீ! விளக்கு வச்ச நேரத்துல சாமி படத்தைக் கழட்டாதே!"

அவர் சொல்றார்... "செண்பகம்... சனிக்கிழமை வரைக்கும்... நான்... தாங்கணுமேடீ..."

கேட்டுச்சா? அந்த ஒரு வார்த்தைதான். மகளை இறக்கிவிட்டுட்டு அந்தம்மாவே ஏறினாங்க. ரெண்டு கையாலயும் பிடுங்கினாங்க. ஆணி கையைக் கிழிச்சது, பார்க்கலை. புகை குபுகுபுன்னு வெளிய போச்சு. கொஞ்சம் கொஞ்சமா அவருக்கு மூச்சு திரும்பிச்சு. படத்தை மடியில வச்சுக்கிட்டு, "தாயே, உன்னை வச்சே அடைச்சிட்டேனே"ன்னு அழுதாங்க.

மறுவாரம் வேற மூடி. அன்னபூரணி பூஜை அலமாரிக்குப் போயாச்சு. புதுப் பலகையில ஒரு புள்ளிக் கோலம் போட்டு, ஆசாரிகிட்ட, "அண்ணாச்சி, புள்ளி இருக்கிற இடமெல்லாம் ஓட்டை போட்டிருங்க"ன்னாங்க. அழகும் இருக்கு, காத்தும் போகுது.

அலங்காரம் வேண்டாம்னா நான் சொல்றேன்? மூக்குக்கு மூக்குத்தி போடுங்கம்மா... பஞ்சு வச்சு அடைக்காதீங்க! உங்க வீட்டுல வாய்விட்டு அழறதுக்கு ஒரு இடம் உண்டா? கோபத்தைக் கொட்டறதுக்கு? கட்டிக்கொடுத்த மக, "அங்க என்னால முடியலம்மா"ன்னு போன் பண்ணினா என்ன சொல்றோம்? "நாலு பேருக்குத் தெரிஞ்சா அசிங்கம்... சாமி பார்த்துக்கும், போனை வை." அடைச்சாச்சு! சாமியை வச்சே அடைச்சாச்சு! உள்ள இருக்கிறவ எப்படி மூச்சு விடுவா?

கமிட்டிக்காரங்களே... அந்த ஜன்னலைப் பாருங்க. என் மூஞ்சியைப் பெருசாப் போட்டு ஃபிளெக்ஸ் கட்டி அடைச்சிருக்கீங்களே, அதான் இந்தப் புழுக்கம்! அவிழுங்க. கூட்டம் முடியட்டும்னு பார்க்காதீங்க... இப்பவே!