இருபத்தொன்றா, பதினெட்டா? நாகேந்திரன் வீட்டு வழக்கு

தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய வேம்புலி ஐயா அவர்களே! நூம்பல் குடியிருப்போர் சங்கத்தைத் தோளில் சுமக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே! பின்வரிசையில் வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருக்கும் இளஞ்சிங்கங்களே! அனைவருக்கும் இந்தத் தாட்சாயிணியின் தலைதாழ்ந்த வணக்கம்.

வண்டி ஓட்டும் வயதைப் பதினெட்டிலிருந்து இருபத்தொன்றாக உயர்த்தக் கோரி நம் சங்கம் இன்று தீர்மானம் போடப் போகிறது. பெற்ற பிள்ளையைச் சாலைக்குப் பறிகொடுத்த தாய் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார். ஆகவே இது வேடிக்கைக்காக எழுந்த கேள்வியல்ல. வேதனையில் விளைந்த கேள்வி. ஆனாலும் எனக்கொரு ஐயம். வயது என்பது என்ன? உடம்பில் ஏறும் எண்ணா? உள்ளத்தில் ஊறும் நிதானமா?

தீர்மானத்தை எழுதியவர் நம் செயலாளர் நாகேந்திரன். பூந்தமல்லியில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். அதோ, கட்டுப்போட்ட காலை நீட்டி அமர்ந்திருக்கிறாரே, அவரேதான்! அவர் கதையை அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

அவர் மகள் ராதிகா. பதினெட்டு முடிந்து, முறையாக உரிமம் வாங்கியவள். ஒரு நாள் காலையில் அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டாள். பெருஞ்சாலையில், மெட்ரோ தூண்களின் ஓரம், ஒரே நெரிசல். கடைப்பக்கம் போக, தொலைவில் போய்த்தான் வண்டியைத் திருப்பி வர வேண்டும்.

"இன்னாத்துக்கு அம்மாந்தூரம் சுத்தறே? எதிர்லயே ஓரமா பூந்துடு" என்றார் அப்பா.

"ராங் சைடுப்பா. நான் போவ மாட்டேன்."

"இருவது வருசமா ஓட்டிகினு கீறேன், எனக்கே சொல்றியா? எறங்கு, குடு இப்படி!"

இறங்கினாள். ஆனால் பின்னால் ஏறவில்லை. "நீ போப்பா. நான் ஷேர் ஆட்டோல வந்துக்கறேன்" என்றாள்.

கொஞ்ச தூரம்தான் போனார். எதிரே தண்ணீர் லாரி! ஒதுங்க இடமில்லை. பிரேக் பிடித்தார், வண்டி சறுக்கியது, மகள் கண்ணெதிரே விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. ஓடிப்போய் அப்பாவின் தலையை மடியில் தாங்கி, அழுதுகொண்டே ஆம்புலன்சை அழைத்தவள் அந்தப் பதினெட்டு வயதுக்காரி!

யாரோ கேட்கிறார், ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று. போட்டிருந்தார் ஐயா! அதனால்தான் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

சொல்லுங்கள், அந்தச் சாலையில் பக்குவம் யார் பக்கம் இருந்தது? நரைத்த தலையிடமா? இறங்கி நின்ற பெண்ணிடமா?

அப்படியானால் வயதை உயர்த்தவே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். ராதிகாவையே கேட்டேன். அவள் சொன்னாள்: "அக்கா, என் கூடப் படிக்கிற பசங்க ஒரே வண்டில மூணு பேரு பறக்கறானுங்க. அவனுங்களுக்கு வயச ஏத்துனா நல்லதுதான். ஆனா இருபத்தொண்ணு வரைக்கும் நான் எங்கப்பா பின்னாடி குந்திகினு போவணுமே, அதுக்கு இன்னா சொல்றீங்க?"

கைதட்டுகிறீர்கள். கைதட்டல் இருக்கட்டும், அவளுக்கு யார் பதில் சொல்வது?

கட்டுப்போட்ட காலோடு நாகேந்திரன் வீட்டில் கிடந்தபோது மகள் மெதுவாகக் கேட்டிருக்கிறாள்: "நீ எப்பப்பா எட்டு போட்டே?" எட்டு வடிவில் வண்டியை வளைத்துக் காட்டும் அந்தத் தேர்வைத்தான் கேட்டாள். அதற்கு அவர், "போடவே இல்லமா. புரோக்கரு ஒருத்தரு லைசென்சு வாங்கிக் குடுத்தாரு" என்றாராம்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "தாட்சாயிணிம்மா, பசங்க வயசப் பத்திப் பேசு. என் வயசையும் சேத்துப் பேசு. கால் சரியாவட்டும், மொதல்ல போயி எட்டு போடறேன். தப்பா போட்டா மறுபடியும் போடறேன்" என்றார்.

பெரியோர்களே! இருபத்தொன்று வேண்டுமா என்று கேளுங்கள். கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. ஆனால் நாற்பதையும் கேளுங்கள், ஐம்பதையும் கேளுங்கள்! தீர்மானத்துக்குக் கை தூக்குமுன் இன்னொன்றுக்குத் தூக்குங்கள். இந்தக் கூட்டத்தில் உண்மையாகவே எட்டுப் போட்டு உரிமம் வாங்கியவர்கள் எத்தனை பேர்?

ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள்?

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. எல்லோரும் பத்திரமாய் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!