மூன்று முறை பயிற்சி பெற்றவர்

மேலே எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்து நான்கு. வணிகவியல் பட்டதாரி. கணவருடனும் கல்லூரியில் படிக்கும் மகளுடனும் வசிக்கிறேன். அலுவலகங்களுக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கும் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். புதிய மென்பொருளைப் பழகும் நாட்களில் வாடிக்கையாளரின் ஊழியர்களிடம் கருத்துக் கேட்டு, படிவத்தில் பதிந்து, எங்கள் திட்ட மேலாளரிடம் கொடுப்பது என் பொறுப்பு.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு எங்கள் மென்பொருளை அமைத்தோம். அதற்கு முன்பெல்லாம் மெக்கானிக் லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியில் வேலையை முடித்து வெளியே வந்ததும் அழைப்பு மேசைக்குப் போன் செய்வார். மேசையில் இருப்பவர் அந்தக் கட்டடத்தின் காவலரிடம் லிஃப்டை ஓட விடலாம் என்று சொல்வார். மென்பொருள் வந்த பிறகு மெக்கானிக் தன் கைபேசியில் ‘முடிந்தது’ என்று அழுத்தினால் போதும், மேசைத் திரையில் அந்த லிஃப்ட் பச்சையாக மாறும் என்று ஏற்பாடு.

இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் பெண் அழைப்பு மேசையில் இருந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். எதைக் கேட்டாலும் ஐந்துக்கு எத்தனை என்று நான் கேட்பதால் எனக்கு ‘அஞ்சு மார்க் அக்கா’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். முதல் வாரக் கூட்டத்தில் அவர், “ஆள் குழிக்குள்ள இருக்கும்போதே பச்சையாயிடுதுக்கா. போன்ல சிக்னல் போய் அரை மணி ஆச்சுன்னா அதுவே ‘முடிந்தது’ன்னு முடிச்சுடுது. வேணும்னா நீங்க உள்ளே போய் நின்னு பாருங்க, உங்களையும் முடிச்சுடும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகு அலுவலகத்துக்குத் திரும்பிப் படிவத்தை நிரப்பினேன். ஒவ்வொரு கருத்தையும் கோளாறு, புதிய தேவை, பயிற்சித் தேவை என்ற மூன்றில் ஒன்றில் சேர்க்க வேண்டும். கோளாறு என்று போட்டால் அதைச் சரிசெய்யும்வரை அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. மேலாளர், “இன்னொரு தடவை சொல்லிக் கொடுத்தா புரிஞ்சுடும். பயிற்சின்னு போடுங்க மேடம், யாருக்கும் வலிக்காது” என்றார். பயிற்சித் தேவை என்று போட்டேன். அவர் சொன்னார் என்பது உண்மை, போட்டது என் கை.

அதன் பிறகு அந்தப் பெண்ணை உட்கார வைத்து, திரையைப் பார்ப்பது எப்படி என்று நாற்பது நிமிடம் சொல்லிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம். இரண்டாம் வாரமும் அவர் அதையே சொன்னார், மறுபடி பயிற்சி, மறுபடி கையெழுத்து. மூன்றாம் வாரம், “பச்சைன்னா என்னன்னு எனக்கு மனப்பாடமாயிடுச்சுக்கா. குழிக்குள்ள இருக்கிறவருக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க” என்றார். அதற்கும் பயிற்சிதான். நான்காம் வாரம் நான் படிவத்தை நீட்டியதும் படித்துப் பார்க்காமலே எல்லாக் கட்டத்திலும் ஐந்து போட்டு, “இந்தாங்க, நல்லா இருங்க. இனிமே என்னைக் கிளாசுக்குக் கூப்பிடாதீங்க” என்றார். அன்று மாலை எங்கள் குழுவுக்கு மேலாளர் கேக் வாங்கிக் கொடுத்தார். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

அதன் பிறகு, சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, கடைசிப் படிவம் வாங்குவதற்காக அவர் மேசைக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் பச்சையானது. அவர் உடனே காவலரிடம் சொல்லவில்லை. மெக்கானிக்குக்கு இரண்டு முறை போன் செய்தார், தொடர்பு கிடைக்கவில்லை. இதற்குள் காவலர் மூன்று முறை கூப்பிட்டு, ஆட்கள் கீழே நின்று சத்தம் போடுகிறார்கள் என்றார். அந்தப் பெண் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, “என்னக்கா சொல்றது?” என்று என்னிடம் கேட்டார். நான், “பச்சைதானே, சொல்லிடுங்க” என்றேன். அவர் சொன்னார். மெக்கானிக் அப்போது குழிக்குள்தான் இருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

அந்த நேரத்தில் நான் அங்கே இருந்தது எங்கள் நிறுவனம் இந்த வழக்கில் கொடுத்த அறிக்கையில் இல்லை. மூன்று முறை பயிற்சி அளித்தும் ஊழியர் அலட்சியமாக நடந்தார் என்று எழுதி, அவருடைய மூன்று கையெழுத்துகளையும், ஐந்து மதிப்பெண் போட்ட படிவத்தையும் ஆதாரமாக இணைத்திருக்கிறார்கள். அவர் மூன்று முறை புகார் சொன்னார். அவர் வந்தது கற்றுக்கொள்ள அல்ல, சொல்ல. கேட்டுக்கொள்ளச் சம்பளம் வாங்கியவள் நான். அவர் சொன்ன சொற்களும் தேதிகளும் உள்ள என் குறிப்பேட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். இதனால் என் வேலை போகும் என்று கணவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.

இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில், வாக்குமூலம் எழுதிய அதிகாரி வழக்குக் கோப்பைப் பார்த்து, ‘மூன்று முறை பயிற்சி தரப்பட்டது’ என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு ‘மூன்று முறை புகார் சொன்னார்’ என்று எழுதும்படி கேட்டேன். இரண்டும் ஒன்றுதானே என்று எழுதியவர் கேட்டார். இல்லை என்றேன். திருத்திய இடத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது. மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, யாரும் சொல்லச் சொல்லிச் சொன்னவை அல்ல.

(ஒப்பம்)