எங்கேயும் போகாத சைக்கிள்

1958, தைப்பூசத்துக்கு மறுநாள். திண்டிவனம் போகும் பாசஞ்சர் ரயிலில் எனக்கு எதிரே, காலடியில் நிலக்கடலை மூட்டையோடு, ஒரு கணவனும் மனைவியும். விக்கிரவாண்டி தாண்டி ஆற்றுப்பாலத்தில் வண்டி மெதுவானபோது, கரையோரம் ஒருவன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான்.

“அந்த ஆளு எங்கயும் போவல,” என்றாள் அவள்.

“உனக்கு இன்னா தெரியும்?”

“காரியமா போறவன் இப்டித் தண்ணியப் பாத்துக்கினா மிதிப்பான்? நம்ம சைக்கிள்ல மல்லாட்டை மூட்டைதான் போவுது. என்னையும் ஒருநாள் ஒக்கார வெச்சி, ஆத்தோரமா இட்டுக்கினு போங்களேன்.”

“மூட்டையே தேவல. பேசாம வரும்.”

“மூட்டைக்கு ஆசை இல்லீங்க.”

அவன் சிரித்துவிட்டான். “சரி, ஞாயித்துக்கிழமை போலாம். எங்க போவணும், சொல்லு.”

“எங்கயாவது போவணும்னா பஸ்ஸே இருக்குதேங்க,” என்றவள், பாலம் முடிந்த பிறகும் ஆறு இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.